பதிமூன்றாவது மணி அடிக்கப்பட மாட்டாது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவன் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டான். ரேடார் திரையின் தென்மேற்கு மூலையில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. வருகிற விமானமெல்லாம் அதைக் கண்டதும், வேண்டாத உறவுக்காரரைத் தெருவில் பார்த்தவர்களைப்போல ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போயின. "அதுக்குள்ள ஏன் சார் போகக் கூடாது?" என்று கேட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை முழுக்க அவன் 'ஏன்சார்' ஆகிவிட்டான்.

கேள்வி போய்ச் சேர்ந்தது கண்காணிப்பாளரிடம். நல்ல மனிதர். இருபத்தாறு வருடச் சர்வீசில் ஒரு விமானத்தையும் விழவிட்டதில்லை, ஒரு தாளையும் தொலைத்ததில்லை. இரண்டில் எது அதிகப் பெருமை என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

"உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது, தம்பி. தெரியாததாலதான் அது தடை. தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எதுக்குத் தடை?" என்றார் அவர்.

ஏன்சார் தலையாட்டினான். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருப்பவன் வேறு எதை ஆட்ட முடியும்?

தடைவட்டத்தின் கோட்டிலிருந்து எந்த விமானமும் மூன்று மைல் தள்ளிப் போக வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் திரையில் எல்லோரும் ஆறு மைல் தள்ளி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் திரையில் உட்காரும் அக்கா, பதினான்கு வருட அனுபவசாலி, அதன் கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஒரு காலத்தில் தலைமையகத்திலிருந்து விதிப்பொறுப்பாளர் வந்து, மறந்துவிடாமல் இருப்பதற்காக மூன்று மைல் தள்ளி இன்னொரு சிவப்புக் கோடு போடச் சொன்னாராம். போட்டார்கள். இரண்டு வருடத்தில் அது எதற்குப் போட்ட கோடு என்பதே மறந்துபோய், அந்தக் கோட்டிலிருந்தும் மூன்று மைல் தள்ளிப் போக ஆரம்பித்துவிட்டார்களாம். போன மாதம் மறுபடியும் வந்தவர், ஆறு மைலில் ஒரு கோடு போட்டால் என்ன என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சிவப்புக்கும் வெளியே மஞ்சளாக ஒரு வளையம். அதற்கு ஆலோசனை வளையம் என்று பெயர். அங்கே பறக்கிற விமானிக்குக் கட்டுப்பாட்டு அறை கட்டளை இடக் கூடாது, ஆலோசனைதான் சொல்லலாம். இதன் பொருள் ஏன்சாருக்கு இரண்டாவது வாரம்தான் விளங்கியது. மஞ்சள் வளையத்துக்குள் இரண்டு சிறிய விமானங்கள் ஒரே உயரத்தில் எதிரெதிராக வந்துகொண்டிருந்தன. அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒன்றைக் கூப்பிட்டு, உடனே இடப்பக்கம் திரும்புங்கள் என்றான். தோளில் ஒரு கை விழுந்தது. கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார்.

அவர் விரல் காட்டிய வரியை அவன் ஒலிவாங்கியில் வாசித்தான். இடப்பக்கம் திரும்புவது தங்களுக்கு நன்மை பயக்கலாம் என்று கருதுகிறோம். பரவாயில்லை, நேராகவே போகிறேன் என்று ஒரு விமானி சொன்னார். மற்றவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி, மறுபடியும் இரண்டாகிப் பிரிந்தன. பதிவேட்டில் கண்காணிப்பாளர் தன் கையாலேயே எழுதினார்: 'ஆலோசனை வழங்கப்பட்டது. ஏற்கப்படவில்லை. குறை ஏதும் இல்லை.' பிறகு அவன் முதுகில் தட்டி, நல்லா பண்ணினே என்றார்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் பாதியாகிவிட்டது. படுத்தால் இரண்டு புள்ளிகள் வரும். புரண்டு படுத்தால் யோசித்துச் சொல்கிறேன் என்கிற குரல் வரும். வேறு வேலை தேடலாமே என்று மனைவி சொன்னாள். நான் போய்விட்டால் அந்தத் திரையில் யார் உட்காருவார்கள் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது என்றான்.

காலை ஷிஃப்டுக்கு ஒரு சடங்கு உண்டு. அறையின் மூலையில் எண்களே இல்லாத ஒரு சிவப்புத் தொலைபேசி. எடுத்தால் போதும், தடைவட்டத்தை வைத்திருக்கிற 'பயன்படுத்தும் பிரிவு' என்கிற இடத்தில் மணி அடிக்கும். ஆறு மணிக்கு எடுத்து, இன்றைக்கு வட்டம் இயங்குகிறதா, ஓய்வில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஓய்வு என்றால் விமானங்களை உள்ளே விடலாம்; இயங்கினால் உள்ளே பீரங்கிப் பயிற்சி என்று ஒரு பேச்சு. அங்கே மணி பன்னிரண்டு முறை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே யாரும் எடுக்காவிட்டால், 'பதில் இல்லை. இயங்குவதாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடமாக யாரும் எடுத்ததில்லை. இந்த ஒரே வரியை எழுதி நிரப்பிய நோட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை தணிக்கைக்கு வருகிறவர்கள் அவற்றின் கையெழுத்தழகைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று ஏன்சார் கேட்கவில்லை. கேள்வி கேட்டு ஒரு பெயர் வாங்கியது போதும் என்று இருந்துவிட்டான். காலையில் ரிசீவரைக் காதில் வைத்து எண்ணும்போது, மணிச்சத்தம் காதுக்குள் கேட்பது போலவும் காலுக்கடியில் கேட்பது போலவும் இருக்கும். தூக்கம் கெட்ட தலை என்று விட்டுவிட்டான். கீழ்த்தளத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா மட்டும் தினமும் சரியாக ஆறு மணிக்கு வாளியைத் தூக்குவார். கையில் கடிகாரம் கிடையாது.

மூன்றாவது மாதம், ஒரு பிற்பகல். மலைப்பக்கத்து ஊரிலிருந்து தினமும் வருகிற சின்ன விமானம் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே பதினெட்டுப் பேர். ஓட்டுகிற பெண்ணின் குரல் எல்லோருக்கும் பழக்கம். வணக்கம் சொல்லாமல் எதுவும் கேட்க மாட்டாள். வடக்கிலிருந்து மழைமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மேகத்துக்கும் சிவப்பு வட்டத்துக்கும் நடுவில் இருந்த வழி இருபது மைலிலிருந்து பன்னிரண்டாகி, எட்டாகி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றுக்குள் வந்துவிட்டது. திரும்பிப் போகலாம் என்றால் மலையை மேகம் மூடிவிட்டது. வட்டத்தைத் தெற்கே சுற்றினால் ஐம்பது நிமிடம் ஆகும். அவளிடம் அரைமணி நேரத்துக்குத்தான் எரிபொருள் இருந்தது. வட்டத்தைக் குறுக்கே கடந்தால் எட்டு நிமிடம், அதற்கப்புறம் பத்து நிமிடத்தில் ஓடுதளம்.

"வட்டத்துக்குள்ள சுடுறாங்களா?" என்று அவள் கேட்டாள். அன்றைக்கு வணக்கம் இல்லை.

தெரியவில்லை என்று ஏன்சார் சொன்னான். அந்தப் பதிலைச் சொன்ன தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆபத்து என்று விமானி அறிவித்தால் நுழையலாமே என்று கண்காணிப்பாளரிடம் கேட்டான். அவர் புத்தகத்தை மூடவில்லை.

"தாராளமா அறிவிக்கலாம். ஆனா உள்ள ஏதாவது ஆச்சுன்னா நாம பொறுப்பில்லைன்னு முதல்ல அவங்ககிட்ட சொல்லணும். அதைக் கேட்டா யாரும் நுழைய மாட்டாங்க. நுழையலைன்னா ஆபத்துன்னு சொல்ல முடியாது பாரு. அதனால அந்த விதியை இதுவரைக்கும் யாரும் பயன்படுத்தினதில்லை."

இதைச் சொல்லும்போது அவர் நெற்றியும் வியர்த்திருந்தது. அவரும் பயந்துதான் போயிருந்தார். ஆனால் அவருடைய பயத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது. எழுந்துபோய்ச் சிவப்புத் தொலைபேசியை எடுத்தார். அவசர நேரத்தில் பன்னிரண்டு மணி அடித்து வைத்துவிட்டு, மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் அடிக்கலாம். முதல் பன்னிரண்டு முடிந்தது. பதில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன்சாருக்கு வயிற்றைக் கலக்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டியதுதான், உண்மையாகவே கலக்கியது. அக்காவிடம் திரையை ஒப்படைத்தான். அவள் விமானத்தை மேகத்துக்கு முன்னால் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வைத்து நேரம் கடத்தினாள். அவன் படி இறங்கிக் கீழ்த்தளத்துக் கழிப்பறையைப் பார்த்து ஓடினான். பாதித் தாழ்வாரத்தில் நின்றுவிட்டான்.

எங்கோ தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருந்தது.

துப்புரவு அம்மா வாளியோடு ஒரு கதவருகே நின்றிருந்தார். உள்ளே தரை துடைக்கிற மாப்புகளும் உடைந்த நாற்காலிகளும் சோப்புத்தூள் மூட்டையும். கதவின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனால் ஒரு பூச்சுக்கு மேல் அடிக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள். அடியில் எழுத்து தெரிந்தது. பயன்படுத்தும் பிரிவு.

"இது தெனமும் காலையில ஆறு மணிக்கு அடிக்கும். இன்னிக்கு என்னமோ மத்தியானத்துல அடிக்குது" என்றார் அந்த அம்மா.

"நீங்க எடுத்ததே இல்லையா?"

"வந்த புதுசுல எடுக்கட்டுமான்னு கேட்டேன். துப்புரவுப் பணியாளர் தொலைபேசியைத் தொடக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அந்தத் தாளைக்கூடப் பத்திரமா வச்சிருக்கேன்."

எட்டாவது மணி. ஒன்பதாவது. ஏன்சார் மூட்டையைத் தாண்டிப் போய், பழைய திரைச்சீலைக்கு அடியில் கிடந்த ரிசீவரை எடுத்தான்.

மறுமுனையில் கண்காணிப்பாளரின் குரல் வந்தது. அவர் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை, நின்றுகொண்டு பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. "ஐயா. தொந்தரவுக்கு மன்னிக்கணும். வட்டம் இயங்குதுங்களா?"

ஏன்சார் தொண்டையைக் கனைத்து, தன் அப்பா கோபத்தில் பேசுகிற குரலை இரவல் வாங்கிக்கொண்டான். "ஓய்வில் இருக்கிறது. அனுப்புங்கள்."

"எவ்வளவு நேரத்துக்குங்க ஐயா?"

"இன்றைக்கு முழுக்க."

"பேர் சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

அவன் சோப்புத்தூள் மூட்டையைப் பார்த்தான். பொறுப்பு அதிகாரி என்றான்.

"நன்றிங்க ஐயா. பதினோரு வருஷமா உங்க குரலுக்குத்தான் காத்திருந்தோம்" என்றார் கண்காணிப்பாளர்.

மேலே ஓடி வந்து உட்கார்ந்தபோது அந்தப் புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. பயன்படுத்தும் பிரிவு என்பது மாப்பு வைக்கிற அறை, சரி. ஆனால் வட்டத்துக்குள் இந்தப் பிரிவைக் கேட்காமலே யாராவது பீரங்கியோடு உட்கார்ந்திருந்தால்? பதினெட்டுப் பேரையும் அவளையும் உள்ளே அனுப்பியது ஒரு விதியும் இல்லை, ஒரு அதிகாரியும் இல்லை, வயிறு கலங்கிய இவன். எட்டு நிமிடம் அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று அக்கா நீட்டிய டம்ளரை, பார்க்காமலே தள்ளி வைத்தான்.

"கீழ ஒரு வேலி தெரியுது. பாதி விழுந்து கிடக்கு. அது மேல யாரோ போர்வை காயப் போட்டிருக்காங்க. வேற ஒண்ணும் இல்லை" என்று விமானியின் குரல் வந்தது.

இறங்கியபோது அவளிடம் ஐந்து நிமிட எரிபொருள் மிச்சம் இருந்தது. ஏன்சார் மறுபடியும் கீழ்த்தளத்துக்குப் போனான், இந்தமுறை கழிப்பறைக்கே.

அடுத்த வாரம் விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர், நடுவில் விதிப்பொறுப்பாளர். பதினெட்டுப் பேர் பிழைத்ததைப் பற்றி அவர்கள் பேசவில்லை, அது அவர்களுடைய பட்டியலில் இல்லை. தொலைபேசி ஒலிப்பதிவை மூன்றுமுறை கேட்டார்கள். என்ன ஒரு கம்பீரம், இப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் நாடு பத்திரமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். பிரிவு உயிரோடு இருப்பது நிரூபணமாகிவிட்டது. ஆகவே இனிமேல் மூன்று மைல், ஆறு மைல் எல்லாம் போதாது, இருபது மைல் தள்ளியே போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இருபது மைல் என்றால் மலைப்பக்கத்து விமானத்துக்கு வழி குறுகிப்போகும். சின்ன மேகம் வந்தாலும் அவள் மாட்டிக்கொள்வாள்.

அதைக் கேட்டபிறகு ஏன்சாரால் உட்கார முடியவில்லை. எழுந்து, பேசியது நான்தான் என்றான். எல்லாவற்றையும் சொன்னான், சோப்புத்தூள் மூட்டை உட்பட. கண்காணிப்பாளரின் முகம் வெளுத்துப்போயிற்று. அவரை ஐயா என்று கூப்பிட வைத்துவிட்டோமே என்று ஏன்சாருக்கே பாவமாக இருந்தது.

விதிப்பொறுப்பாளர் கொஞ்சமும் பதறவில்லை.

"நீங்க பேசினீங்கன்னா அந்த அனுமதி செல்லாது. செல்லாதுன்னா அந்த விமானி அத்துமீறி உள்ள போயிருக்காங்க. உரிமத்தை ரத்து பண்ணணும். பண்ணிடலாமா?"

வேண்டாம் என்றான் ஏன்சார்.

"அப்ப அனுமதி செல்லும். செல்லணும்னா பேசினவர் பயன்படுத்தும் பிரிவா இருக்கணும். அதனால நீங்கதான் அந்தப் பிரிவு. இன்னியிலேருந்து இல்லை, பதினோரு வருஷம் முன்தேதி போட்டு."

அப்போது எனக்குப் பதினேழு வயது என்று ஏன்சார் சொல்லிப் பார்த்தான். வயது வரம்பு தளர்த்தப்பட்டதாகக் குறித்துக்கொண்டார்கள். இருபது மைல் இருபது மைலாகவே இருந்தது. வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விமானம் நல்லபடியாக இறங்கிவிட்டதே, அப்புறம் என்ன என்றாள். அதை ஒருத்தரும் கேட்கவில்லை என்றான்.

அவனைத் திரையிலிருந்து எடுத்து, மாப்பு அறையில் ஒரு மேசை போட்டார்கள். முதல் நாள் ஆறு மணிக்கு முதல் மணியிலேயே எடுத்தான். வட்டத்துக்குள் போர்வைதான் காய்கிறது, இன்றைக்கும் ஓய்வு, நாளைக்கும் ஓய்வு, எல்லோரையும் அனுப்புங்கள் என்றான். மேலே பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கண்காணிப்பாளர் மெல்லிய குரலில், "தம்பி, தயவுபண்ணி எடுக்காதே" என்றார். "நீ எடுத்தா நான் கேட்கணும். கேட்டா எழுதணும். ஓய்வுன்னு நான் எழுதின பிறகு உள்ள ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? பதில் இல்லைன்னு எழுதினப்ப நாங்க நிம்மதியா இருந்தோம்பா."

இரண்டே நாளில் தலைமையகத்திலிருந்து ஆணை வந்தது. பன்னிரண்டு மணி முழுதாக அடித்து முடியும்வரை பயன்படுத்தும் பிரிவு தொலைபேசியை எடுக்கலாகாது. பதிமூன்றாவது மணி அடிக்கப்பட மாட்டாது. மீறினால் முன்தேதியிட்ட நியமனம் ரத்தாகும். அந்தக் கடைசி வரிக்கு அடியில் விதிப்பொறுப்பாளர் பென்சிலால், 'விமானியின் உரிமமும்' என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, பன்னிரண்டு. மணி நின்றதும் ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பான், உள்ளே ஒன்றும் இருக்காது, வைத்துவிடுவான். துப்புரவு அம்மா வாளியைத் தூக்குவார். ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. தூக்கம்கூட நன்றாக வர ஆரம்பித்தது. மாதக் கடைசியில் தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமானதாகக் கடிதம் வந்தது.

ஒரு நாள் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

கட்டடத்தின் மேல் மழை இரைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மலைப்பக்கத்து விமானம் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், எவ்வளவு எரிபொருள் வைத்திருப்பாள் என்பதும் ஏறக்குறையத் தெரியும். எடுத்தால் அவள் உரிமம் போகும். எடுக்காவிட்டால் என்ன போகும் என்பதை அவன் நினைக்க விரும்பவில்லை. கை மேசைமேல் வைத்தது வைத்தபடி இருந்தது.

துப்புரவு அம்மா வாசலில் நின்று அவனைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்பதாவது மணியில் அவன் கைக்கு மேலாக எட்டி ரிசீவரை எடுத்தார்.

"ஆங், சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "உள்ள யாரும் இல்லைங்க. வரச் சொல்லுங்க அந்தப் பொண்ணை."

மறுமுனையில் கண்காணிப்பாளர் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"நன்றிங்க ஐயா."

அந்த அம்மா ரிசீவரை வைத்துவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போனார். ஏன்சார் அப்படியே உட்கார்ந்திருந்தான். சிறிது நேரத்தில் மழையை மீறி, தலைக்கு மேலே தாழ்வாக ஒரு விமானம் ஓடுதளத்தை நோக்கிப் போகிற சத்தம் கேட்டது. அழலாம் போல இருந்தது. ஆனால் அதற்குள் அவன் வாய் தன்பாட்டில் பத்து என்று சொல்லிவிட்டு, பதினொன்றுக்காகக் காத்திருந்தது.